இருபத்து மூன்று நிமிடம்

பதினொன்றே கால் கிலோ என்றேன்
தூக்கிய கையோடு.
மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடையில் உட்காருகிறவள்,
பசவராசு சரிபார்க்கவில்லை.
தர்மபுரியில் ரேடியோ செட் கடையை மூடியவர்
பழைய ஆம்பிளிஃபயரைத் துணி சுற்றிக் கொடுத்தார்.
அது பிறந்தபோது ப்ளூடூத் பிறக்கவில்லை.
பின்பக்கம் ஒரு சிவப்பு ஓட்டை, ஒரு வெள்ளை ஓட்டை,
அதற்கு அவ்வளவுதான் காது.

சின்ன டப்பா ஒன்று வாங்கி
ப்ளூடூத்தை ஒட்டவைத்தேன்.
பாட்டு வந்தது,
டின்னில் அடைத்த கூழ் மாதிரி.
மாம்பழம்தான்.
நார் எங்கே?

ஒரு துளி குறையாத தரம் என்று
மாதாமாதம் காசு வாங்குகிறது ஆப்.
ஏற்றிய எடையும் இறக்கிய எடையும்
ஒத்துப்போகவில்லை என்றால்
வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.
ஒயர் போட்டும் பார்த்தேன்.
போன்தான் களவாணி:
நாற்பத்து நான்கு புள்ளி ஒன்றை
நாற்பத்தெட்டாக்கி நீட்டுகிறது,
சில்லறைக்கு மிட்டாய் தருகிற
மளிகைக்கடைக்காரர் போல.

ஆகவே கொழுந்தனின் இலவச லேப்டாப்.
திரை செத்தது, உயிர் இருந்தது.
மாடியில் ஷமீம் அக்கா வீட்டு நெட்டில்
பாதிக் காசு என்னுடையது;
ஜன்னல் வழியே நீல ஒயர் இறங்கியது.
கொடி என்று நினைத்துத் துணி போடுகிறார்கள்.
சரணத்தின் நடுவில் பாட்டு நின்றால்
பழையபேட்டையில் யாரோ
போர்வை துவைத்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்க
கிரானைட் பட்டறையில் கழித்த துண்டு இரண்டு
பசவராசு கொண்டுவந்தான்.
எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாராம் ஆட்டோக்காரர்.

எல்லாம் சரி,
பின்னால் ஒரு ம்ம்ம்.
பாட்டு கதை சொல்ல
யாரோ விடாமல் உம் கொட்டுகிறார்கள்.
ஃபிரிட்ஜை அணைத்தேன், பால் திரிந்தது.
ட்யூப்லைட்டை அணைத்தேன், ஃபேனை அணைத்தேன்.
இருட்டில் வேர்த்துக்கொண்டு
உம் கேட்டோம்.

அந்த இருட்டில்தான் பசவராசு தண்ணிக்கு எழுந்து
சார்ஜரில் கால் தட்டினான்.
உம் நின்றது.

வயலின்காரர் வில்லை வைக்கும் முன்
மூக்கால் இழுத்த மூச்சு.
எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.
சொம்போடு நின்றபடி
"இந்த ஆளு இத்தன நாளா எங்க இருந்தாரு?" என்றான்.

சார்ஜர் இல்லாமல் அந்த பேட்டரி
இருபத்து மூன்று நிமிடம் தாங்கும்.
புதுசு இரண்டாயிரத்து எண்ணூறு,
பட்டறையில் இரண்டு மாசச் சம்பளம் பாக்கி.
கிருதி முடிந்து
மிருதங்கக்காரர் தனியாக எடுக்கும் இடத்தில்
தினமும் அணைந்துபோகிறது.
செருகிவிட்டு உம்மோடு கேட்கலாம்தான்.
செருகுவதில்லை.

கருங்கல்லில் விரலால் தட்டுகிறான் பசவராசு,
மீதி இப்படித்தான் இருக்கும் என்று.
தாளம் தப்புகிறது.
தட்டட்டும் என்று விட்டுவிட்டு
காலை ஷிஃப்ட்டுக்கு முன்
சார்ஜ் போட மறக்கக் கூடாது என்று
நினைத்துக்கொண்டிருக்கிறேன்.