பக்கம் பத்து ரூபா

மல்லாவிச் சந்தியில் என் ஃபோட்டோக்கொப்பிக் கடை.
கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னமே
இரண்டு கட்சியும் வந்துவிட்டன.
ஒரு கட்டு நூற்று நாற்பது பக்கம்,
மற்றது தொண்ணூறு.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே மை.

கேள்வி இதுதான்:
கயிலாயர் அண்ணாவியாரின் ஏழு கூத்தையும்
கயிலாயர்தான் எழுதினாரா?

காணிக் கந்தோரில் எடுத்த உறுதியில்
அவருடைய பெருவிரல் இருக்கிறது,
நசிந்த நாவற்பழம் மாதிரி.
"கைநாட்டுக்காரன் விருத்தம் கட்டுவானா?"
என்று தொடங்குகிறது தடித்த கட்டு.
ஆறு ஏக்கர் வயல், நாலு மாடு,
கொப்பரேட்டிவில் தீராத கடன்,
இதற்குள் ஏழு கூத்து எங்கே முளைத்தது?
ஆகவே எழுதியவர்
வட்டுக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த
சட்டம்பியார் தாமோதரம்.
அவரிடம் நிகண்டு இருந்தது.
மூக்குக்கண்ணாடியும் இருந்தது.

மெல்லிய கட்டு சொல்கிறது:
உப்பரசன் கூத்தில் அணியம் வருகிறது, சம்மாட்டி வருகிறான்,
சட்டம்பியார் கடலில் கால் நனைத்தவரா?
கயிலாயர் முல்லைத்தீவுக்கு நெல் ஏற்றிப் போய்
கருவாடு ஏற்றி வந்தவர்.
சொல்லுக்கு வண்டிலில் கூலி இல்லை.
அவர் பாடப் பாட எழுதியது மருமகள் பூரணி.
'ழ'வுக்கு வால் நீட்டுவது அவள் கை.

நான் வாய் திறக்கவில்லை.
மெசின் சூடேறட்டும் என்று நின்றேன்.

செட்டிகுளம் முகாமில் எனக்குப் பத்தொன்பது வயது.
பக்கத்துத் தறப்பாளுக்குள் பூரணி அக்கா.
பொலித்தீன் பைக்குள் ஏழு கொப்பி,
மழையில் ஊறித் தோசைக் கல்லில் ஒட்டிய மாதிரி.
"உன்ர எழுத்து வடிவு தம்பி, மாத்தி எழுது."
"மாமாவோ எழுதினவர்?" என்று கேட்டேன்.
"தாளம் பிழைச்சால் அடி வாங்கினது ஆரெண்டு கேள்,
சொல்லுறன்."

'ழ'வின் வாலைக்கூட விடாமல்
பார்த்துப் பார்த்து எழுதினேன்.
உப்பரசனில் பதினொரு வரி இல்லை.
மை கரைந்து நீலமாய் ஒரு குளம்.
ஏழு வரி அக்கா சொன்னார்.
பிறகு இருமல். பிறகு,
"மிச்சத்தை வாற மாதிரிப் போடு."

மூன்றை நான் போட்டேன், சுமார்தான்.
நாலாவது
தண்ணீர் பவுசர் வரிசையில் எனக்கு முன்னே நின்றவர்,
கான் காலி, பேர் தெரியாது,
எவருக்குமல்லாமல் சொன்னது:
"தண்ணி கேட்டு நிக்கிற உப்பு நாங்கள்."
அரசனின் வாயில் அதை வைத்தேன்.
அக்கா ஆவணியில் போய்விட்டார்.
பழைய கொப்பிகள் அவரோடு எரிந்தன.

கருத்தரங்கு அன்று
பிரதேச சபை மண்டபத்தில் காற்றாடி இரண்டு, ஓடியது ஒன்று.
கலாநிதி குகனேந்திரன் எழுந்து சொன்னார்:
"தண்ணி கேட்டு நிற்கிற உப்பு!
படித்த மூளைக்குத்தான் இந்த முரண் வரும்."
விரிவுரையாளர் யசோதினி மேசையில் தட்டினார்:
"வயல் காய்ந்ததைப் பார்த்த கண்ணுக்குத்தான் வரும்."
சபை இரண்டாகக் கைதட்டியது.
நான் பின்வரிசையில்
கையில் ரோல்ஸ், எண்ணெய் வடிய.
வரிசையில் நின்ற மனுசனின் முகத்தை
நினைத்துப் பார்த்தேன்.
பிடரிதான் வந்தது.

எழும்பிச் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் நானும் ஒரு கட்சி.
அதுவும் இல்லாமல்
குகனேந்திரன் இன்னும் அரைக்காசு தரவேண்டும்.

திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார்,
காசோடில்லை, சந்தேகத்தோடு.
ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபுறம்
மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.
"பார்த்தீரா? ஆரோ அடையாளம் இட்டிருக்கினம்.
தாமோதரத்தாரின் கையாக இருக்குமோ?"

கண்ணாடியில் ஒரு கீறல், சேர்.
போன மாரியில் விழுந்தது.

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.