சங்கு

கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறையில்
எனக்கு ஒரு மேசை, மூன்று திரை, ஒரு சிவப்புப் பொத்தான்.
லிஃப்ட் பொத்தான் அளவுதான் இருக்கும்.
அழுத்தினால் வில்லோபெண்ட் ஊரின்
நான்கு கம்பங்களும் அலறும்.

ஏப்ரலில் இரண்டு முறை அழுத்தினேன்.
இரண்டு முறையும் வானம் கறுத்து, உறுமி,
கோதுமைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு
அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது.
மறுநாள் காலை லெராய் ஸ்டக்கியின் போன்.
"மார்லிஸ், குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது."
பேரேட்டில் எழுதினேன்: புகார், ஒன்று.
புலி வருது என்றவளைத் திட்டுவார்கள்.
வராமல் போனதற்கு நன்றி சொல்ல
யாருக்கும் நம்பர் தெரியாது.

மே மாதம், செவ்வாய், இரவு பதினொன்று நாற்பது.
திரையில் பச்சையும் சிவப்பும் உரசி
மேற்கு ஓரத்தில் ஒரு கொக்கி வளைந்தது,
தூண்டில் முள் மாதிரி.
முள்ளின் நுனியில் எங்கள் ஊர்.

அழுத்தினேன். மைக்கை இழுத்துக்கொண்டேன்.
கீழ்த்தளத்துக்குப் போங்கள்.
கீழ்த்தளம் இல்லையென்றால் ஜன்னலில்லாத உள்ளறை,
குளியல் தொட்டி, தலைக்கு மேல் மெத்தை.
ஷூ போட்டுக்கொள்ளுங்கள்,
திரும்பி நடக்கும்போது தரையெல்லாம் கண்ணாடியாக இருக்கும்.
தகர வண்டிவீட்டில் இருப்பவர்கள் இப்போதே வெளியேறுங்கள், இப்போதே.
குரலில் பதற்றம் கூடாது என்பது பயிற்சி.
பதறாத குரலுக்கு எவன் எழுந்து ஓடுவான் என்று
பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

காது உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.
வாசலுக்கு வருவார்கள்.
ஒரு கையில் பீர், ஒரு கையில் போன்,
மேற்கே பார்த்து "ஒன்றும் காணோமே."
இரவில் அதற்கு உருவம் ஏது?
மின்னல் வெட்டினால்
கறுப்புக்கு முன்னால் இன்னொரு கறுப்பு,
அவ்வளவே.

பீச் தெருக் கடைசி வீட்டில் ஆர்வின் ட்வெட்,
டிராக்டர் பட்டறையில் வெல்டர்,
பிறந்ததிலிருந்தே காது கேளாதவர்.
அவர் தலையணைக்கு அடியில்
ஹாக்கி வட்டு அளவில் ஒரு கருவி,
எச்சரிக்கை வந்தால் பல் கிட்டும்படி உலுக்கும்.

உலுக்கியது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே,
அன்றைக்கு அவருக்குத்தான் முதலில் கேட்டது.
ஷூ. டார்ச். கீழ்த்தளக் கதவைத் திறந்து
ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

பிறகு சொன்னார்கள் இதையெல்லாம்.
"சரி சரி, வருகிறோம், போ" என்று
உள்ளிருந்து குரல் கொடுத்தார்களாம்,
புரண்டு படுத்தபடி.
வேறு யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.
ஆர்வினுக்கு அது போய்ச் சேரவில்லை.
ஆகவே தட்டிக்கொண்டே இருந்தார்,
உள்ளங்கையால், முழங்கையால், டார்ச்சின் பிட்டத்தால்,
கதவு திறந்து ஒரு முகம் தெரியும்வரை.

இறைச்சி ஆலையில் இரட்டை ஷிஃப்ட் முடித்து
வண்டிவீட்டில் செத்தாற்போல் உறங்கிய
எஸ்காமியா வீட்டார் ஐந்து பேர்.
ஆக்சிஜன் உருளையோடு வெர்னிட்டா போல்க்.
வாசலில் நின்று வாதாடிய லெராய்.
உதட்டைப் படிக்க வெளிச்சமில்லை,
ஆர்வின் வாதத்தைப் படிக்கவே இல்லை,
சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
பீச் தெருக் கம்பம் திரையில் அணைந்தது.
எனக்கு மேலே இரண்டு மாடிக் கருங்கல்.
அதற்கும் மேலே எதையோ யாரோ தரதரவென்று இழுத்தார்கள்.

வடக்குக் கோடியிலிருந்து அன்றிரவு
அழைப்பு எதுவும் வரவில்லை.
பேரேட்டில் அந்த வரியை இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு பதினேழு. ஒரு விளக்கு மினுங்கியது.
லெராய் ஸ்டக்கி.
பத்து பேர், ஒரு நாய் என்றார்.
கதவின் மேல் என்னவோ விழுந்து கிடக்கிறது,
ஆர்வின் டார்ச் அடித்து எங்களை
நான்காவது முறையாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றார்.
நான் சத்தமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"மெல்ல, மார்லிஸ்," என்றார்.
"குழந்தை இப்போதுதான் தூங்கியது."