ஒரே நபரா?

பள்ளிப்பட்டில் கரண்ட் போனால்
முதலில் தறிகள் நிற்கும்.
அப்புறம்தான் நாய்கள் இருப்பது தெரியும்.
இன்வெர்ட்டர் ஒருமுறை கனைத்து
திரை உடைந்த லேப்டாப்பைப் பிடித்துக்கொள்ளும்.
அரிசி டிரம்முக்கு மேல் பலகையில்
அதுதான் எங்கள் சர்வர்.
யாருக்கும் மாத வாடகை இல்லை.
பாவுக் கணக்கு, மோட்டார் ரிப்பேர் குறிப்புகள்,
பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள்.

ஹேமலதா நகரிக்குப் போய் ஏழு மாதம்.

டிஸ்க்கில் இடமில்லை என்று
இன்றைக்கு அவள் கணக்கை நீக்க உட்கார்ந்தேன்.
கடைசி வருகை: நேற்றிரவு 2.14.

அவள் தெலுங்கில் எழுதிய லாஸ்யா,
நான் தமிழில் எழுதிய லாசியா.
முகம் பிரிக்கும் நிரலுக்கு
எங்களுக்கு இரண்டு பெண்கள்.
என் பெண்ணுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.
அவள் பெண்ணுக்கு
முன்பல் ஒன்று விழுந்து
புதிது பாதி முளைத்துவிட்டது.
புது ஸ்கூல் டை. எனக்குத் தெரியாத ஒரு பூனை.

இடம் எதனால் குறைந்தது என்று
இப்போது தெரிகிறது.
போனில் அணைக்க மறந்தாளா,
அணைக்கவில்லையா?

இருவரும் ஒரே நபரா, கேட்கிறது திரை.
ஆம். இல்லை. பிறகு பார்க்கலாம்.

தறிச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.
நாளைக்குத் திருத்தணியில்
இன்னும் பெரிய டிஸ்க்
என்ன விலை என்று கேட்க வேண்டும்.