இடது கண்ணாடி

ஒட்டீலியா ஹ்ரூஷ்கோவாவை எனக்கு
இடதுபக்கமாகத்தான் தெரியும்.
முப்பத்து நாலு வருஷத்தில் வலதுபக்கத்துக்கென்று
என் கடையில் ஒரு திருகாணி வாங்கியதில்லை அவள்.

முதல் தடவை வந்தது தொண்ணூறின் பனிக்காலம்.
கார் எண்பத்தொன்பதாம் வருஷ மாடல், சீக்கோர்கா.
எங்கள் மொழியில் பட்டாணிக் குருவி.
உள்ளங்கையளவு கறுப்பு பிளாஸ்டிக், இரண்டே திருகு.
சட்டையில் துடைத்து நீட்டினேன்.
"பனி வழுக்கிவிட்டது" என்றாள்.
நியாயம்தான்.
அவள் கராஜ் வாசலின் இரு தூண்களுக்கு நடுவே
அப்போதெல்லாம் காரோடு ஒரு சைக்கிளும் போகலாம்.

தொண்ணூற்று மூன்றில் காரில் எதையும் மாற்றவில்லை,
நாட்டைத்தான் மாற்றினார்கள்.
ரசீதில் பழைய பெயரை அடித்துவிட்டுப்
புதுப்பெயரை ரப்பர் முத்திரையால் குத்தினேன்.
கண்ணாடி அதே கண்ணாடி.

தொண்ணூற்றாறில் மூலைகள் காணாமல் போயின.
பத்து நாள் தேய்ந்த சோப்புக் கட்டி போல ஒரு கார்,
ஆனால் சோப்பு தேயத் தேயச் சிறுக்கும்,
இது ஆறு சென்டிமீட்டர் அகன்றிருந்தது.
உள்ளே உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் திருப்ப ஒரு குமிழ்.
அந்தக் குமிழ் இருக்கும் தைரியத்தில்
இரண்டு முறை இடித்தாள்.

இரண்டாயிரத்து மூன்று:
கண்ணாடிக்குள் சூடேற்றும் கம்பி.
ஜனவரியில் அதற்கு மட்டும் வெயில்.
"என் குளியலறைக்கு இல்லையே இது" என்றாள்.
இடையில் ஒரு வருஷம்
முன்விளக்குக்கு மட்டும் மை தீட்டிவிட்டுப்
புது மாடல் என்றார்கள்; அவள் ஏமாறவில்லை.

பதினொன்றில் கண்ணாடியிலேயே
திரும்பும் விளக்கு மினுக்கியது.
விலையை யூரோவில் சொன்னேன்.
"மனுஷ பாஷையில் சொல், கொருனாவில்."
முப்பதால் பெருக்கினேன்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

வயர் வேலை என்பதால் நானே போனேன்.
வாஹ் ஆற்றங்கரையில் தகரக் கதவு கராஜ்கள்,
வரிசையில் பதினேழாவது அவளுடையது.
இடது தூணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
கீழே கறுப்புக் கீறல்,
ஒரு விரல் மேலே சிவப்பு,
அதற்கு மேல் வெள்ளை, பிறகு வெள்ளி.
பிள்ளைகள் உள்ள வீட்டில்
கதவுச் சட்டத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள் அல்லவா,
இங்கே வளர்ந்தது கார்.
தூணின் இடைவெளி மட்டும்
எண்பத்தேழில் கான்கிரீட் ஊற்றியபோது இருந்தபடியே.

பின்கதவில் இன்னும் சீக்கோர்கா என்றுதான் எழுதியிருந்தது.
அந்த உருவத்துக்குக் குருவிப் பெயர்
கொஞ்சம் கேலியாகவே பட்டது.

இருபதாம் வருஷ மாடலில் கண்ணாடியே இல்லை.
கட்டைவிரல் போல ஒரு கேமரா, உள்ளே சின்னத் திரை.
"இனி உடைப்பதற்கு எதுவுமில்லை, உன் பிழைப்பு போச்சு"
என்று சிரித்தாள்.
அப்புறம் மெதுவாக ஒத்துக்கொண்டாள்:
உள்ளே நிறுத்தினால் கதவு ஒரு சாண்கூடத் திறப்பதில்லையாம்,
இருக்கைகளைச் சாய்த்து டிக்கி வழியாக இறங்குகிறாளாம்.
"தபாலாபீஸில் முப்பது வருஷம் பார்சல் தள்ளினேன்,
இப்போது நானே பார்சல்."

போன மார்ச்சில் நடந்தே வந்தாள்.
அவள் தலையைக் கண்டதும் என் கை
இடது அலமாரிக்குப் போய்விட்டது, பழக்கம்.

"கேமராவுக்கு ஒன்றுமில்லை" என்றாள்.
கதவைப் பற்றி நான் கேட்கவில்லை.
சென்சார் கத்திக்கொண்டேதான் இருந்ததாம்,
யாரோ போன் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டாளாம்.

கையுறையைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தாள்.
"தூண் விழுந்துவிட்டது, டெஸிடேர்.
எண்பத்தேழாம் வருஷத்து மாடல்.
இடதுபக்கத்துக்கு ஒன்று
உன்னிடம் இருக்குமா?"