போக்கில் ஒன்று, வரத்தில் ஒன்று

பொங்கியண்ணன் போர்வெல்ஸ்.
இருநூறு சாவிக்கொத்து, மூங்கில் பலகையில்,
வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும்.
பதினான்கு ஓடியபின்தான் பார்த்தேன்:
முதல் ண-வின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி
முக்கால் மில்லிமீட்டர் விலகி
இரண்டு ண-வுக்கும் நடுவில் நிற்கிறது,
பாகம் பிரித்த பூமியில்
எந்தப் பங்கிலும் சேராத கிணறு மாதிரி.

கோடு விலகினால் அழகுதான் கெடும்.
புள்ளி விலகினால்
ஆளே மாறிவிடுகிறார்.

சோமனூரில் என் மேசைக்கும்
சௌடப்பன் தறிக்கூடத்துக்கும் நடுவே
ஒன்பது அங்குலச் சுவர்.
இருபத்துநாலு தறி.
என் டம்ளர் தண்ணீரில் எப்போதும் வட்டம்.
சந்தேகமெல்லாம் எனக்கு வரவில்லை, நேராகத் தீர்ப்புதான்.
"உங்க தறி ஆட்டற ஆட்டத்துல
எம்பட மெசின் தடுமாறுதுங்."
அறுந்த இழையை முடிந்தபடியே சொன்னார்:
"அதை அக்கட்டால நகத்தி வைங்."

நகர்த்த இடமில்லை.
மேசைக்காலுக்கு டயர் துண்டு கொடுத்தேன்.
பெல்ட்டை இறுக்கினேன், சுண்டினால் டங்கென்னும் வரை.
மூலைக்கு மூலை டேப் பிடித்தேன்,
இரண்டும் ஐந்நூற்று அறுபத்திரண்டு.
வேகத்தைப் பாதியாக்கினேன், லென்சைத் துடைத்தேன்,
செட்டிங்கில் எண்பது என்றிருந்ததை எண்பதரை ஆக்கி
பயந்து போய் மறுபடி எண்பது ஆக்கினேன்.
புள்ளி அசையவில்லை.
அதாவது, அசைந்த இடத்திலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் நாலு வரை ஊருக்கே கரண்ட் இல்லை.
என் மெசினுக்கு யு.பி.எஸ். போதும்.
தண்ணீரில் வட்டமில்லை,
டம்ளரின் அடியில் கீறியிருந்த எங்கள் வீட்டு இனிஷியல் தெரிந்தது.
இன்றைக்கு மாட்டினார் மனுசன் என்று ஓட்டினேன்.

அதே முக்கால்.

அவ்வளவு அமைதியில்
என் காது மட்டும் சுட்டது.

பிறகு உட்கார்ந்து வெறுமனே பார்த்தேன்.
எழுத்துகளை இடமிருந்து போகும்போது எழுதுகிறது.
புள்ளிகளை எல்லாம் கடைசியில்,
வலமிருந்து திரும்பி வரும்போது வைக்கிறது.
விலகியவை எல்லாமே வலப்பக்கம் விலகியவை.
ங்-இன் புள்ளி கி-யின் தோளில்,
ன்-இன் புள்ளி வாசலுக்கு வெளியே.
அட்டையில் ஒரே இடத்தில் ஒரு நிற்கோடு:
இடமிருந்து வந்து ஒன்று, வலமிருந்து வந்து ஒன்று.
மேலுக்கு மேல் விழ வேண்டும்.
விழவில்லை. இரண்டுக்கும் நடுவே
ஒரு நூல் நுழையும் சந்து.

மோட்டார்த் தண்டிலும் அதன் பல்சக்கரத்திலும்
சேர்த்து ஒரு கோடு இழுத்தேன், ஒயிட்னரால்.
இருபது தடவை போய் வரச் செய்தேன்.
கோடு உடைந்தது.
தண்டு திரும்பிவிட்டது,
சக்கரம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

கடுகளவு திருகு. தளர்ந்திருக்கிறது.
தறி ஒரு வருசமாய் ஆட்டி ஆட்டித் தளர்த்தியிருக்கலாம்.
பெட்டியிலேயே யாரும் முடுக்காமல் வந்திருக்கலாம்.
எதைச் சொல்லிப் போவதென்று தெரியவில்லை,
ஆனால் ஒன்றரை எம்.எம். ஆலன் கீ
அவரிடம்தான் இருந்தது.

இருட்டுக் கூடத்தில் பனியனோடு
கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
"எத்தன விலகுதுங்?"
"முக்கால் மில்லி."
"இதுக்காங் அன்னிக்கு அத்தன சத்தம்?"
கீயைக் கொடுத்துவிட்டு, என் முதுகுக்குச் சொன்னார்:
"தண்டுல தட்டையா ஒரு பக்கம் இருக்கும்,
அதுமேல முடுக்குங்."
இருந்தது. ஒரு வருசமாய் எனக்குத் தெரியாமல்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.
இருபத்துநாலும் ஒன்றாய் எழுந்தன,
டம்ளரில் வட்டம்,
பதினைந்தாவது பலகை.
ண-வின் தலையில் புள்ளி.
கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன்.

கீயைத் திருப்பும்போது
கெட்டுப்போன பதினான்கில் ஒன்றை அதில் கோத்திருந்தேன்.
வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய,
இரண்டு தடவை படித்தார்.
"ஆருங் இவரு?"

"தெரியலைங்," என்றேன்.