குடியிருப்பு விண்ணப்பம்

நூற்றிருபது லீட்டர் தண்ணீர்.
இரண்டு வாள்செடி, கட்டையில் நூல் சுற்றிக் கட்டிய ஜாவாப் பன்னம்,
பதினான்கு நியோன், ஆறு கோரி,
மூலையில் தன்னை ராசாவென்று நினைக்கும் ஒரு குராமி.
எல்லாம் சரி. கண்ணாடியில் மட்டும்
துடைக்கத் துடைக்கப் பாசி.

"ஒரு பிளெக்கோ விடுவம்" என்றான் பிரதாபன்,
ஒரு பிள்ளை பெறுவம் என்ற அதே இலகுவில்.

சனிக்கிழமை. ஓல்ட்டன் நிலையத்துக்குப் பின்னால்
நான்கு மணிக்குப் பூட்டிவிடும் கடை.
திருமதி க்ராஃப் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு
"தொட்டி எத்தனை சென்ரிமீற்றர்?" என்றுதான் தொடங்கினாள்,
வணக்கத்துக்கும் முதல்.

பாய்மரச் செட்டை விரித்து நின்றது ஒரு குஞ்சு,
என் சுண்டுவிரல் அளவு, ஒன்பது பிராங்க்.
பிரதாபன் அதிலேயே விழுந்துபோனான்.
அவள் ஒன்றும் பேசாமல் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனாள்.
நீலப் பீப்பாய்க்குள்
அதே குஞ்சு, ஆறு வருடம் கழித்து.
ஒரு தை மாத இரவில் வாளியோடு வாசலில் வைத்துவிட்டுப்
போனார்களாம்.
திரும்ப இடமில்லாமல்
அது பின்பக்கமாகவே நகர்ந்தது.

மேலே வந்து வரிக்குதிரைக் கோடு போட்டதைக் காட்டினாள்.
முந்நூறு பிராங்க். சூடு இருபத்தெட்டுக்குக் குறையக் கூடாது.
இறைச்சி கேட்கும். பாசியை ஏறெடுத்தும் பாராது.
அடுத்தது கோமாளி:
கட்டையைச் சுரண்டித் தின்னும், பொந்தை விட்டு வராது,
"வாங்கினதையே மறந்துபோவீர்கள்."

நான் கேட்கத் தொடங்கினேன்.
எவ்வளவுக்கு வளரும்?
மற்றவர்களோடு ஒத்துப்போகுமா?
என்ன சாப்பிடும்?
கழிவு கூடவா?
இரவில்தான் நடமாட்டமா?

ஐந்தாவது கேள்வியில் நாக்கு நின்றது.
இதே வரிசை.
பதினொரு வருடத்துக்கு முன், வெறும் மூன்றாம் மாடியில்,
முகவர் எங்கள் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டது.
எத்தனை பேர், இனி எத்தனை பேர் ஆவீர்கள்,
சமையல் எப்படி, வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள்.
கடன் இல்லையென்ற அத்தாட்சியை
பிளாஸ்ரிக் உறையில் போட்டு நீட்டினேன்,
ஏழாவது வீடு அது.
முதல் ஆறும் ஒரே சொல்லில் பதில் எழுதின:
பொருந்தாது.

"என்ன, யோசிக்கிறீர்களா?" என்றாள் க்ராஃப்.
அடித்தட்டுத் தொட்டியில் இருந்தது அன்சிஸ்ட்ரஸ்.
மண்ணிறம், வெள்ளைப் புள்ளி,
முகமெல்லாம் முளைத்த சதை மீசை.
வடிவென்று பெற்ற தாயும் சொல்லாள்.
பன்னிரண்டு சென்ரிமீற்றரோடு நின்றுவிடும்,
எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரையும் தாங்கும்.
"ஒன்று போதும். இரண்டு ஆண் என்றால்
ஒரு பொந்துக்கு வழக்கு."

பஸ்ஸில் பையைக் குளிரங்கிக்குள் வைத்து
வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.
எதிரே இருந்த பெண்
எழுந்து எனக்கு இன்னும் வசதியான இடம் தந்தாள்.
நான் மறுக்கவில்லை.

எட்டு நாளில் கண்ணாடி பளிச்.
ஒன்பதாம் நாள் காலை
வாள்செடியின் இளங்குருத்து
நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாய் நின்றது.
"கடைக்கு அடிக்கவா? திருப்பி எடுப்பாள்"
பிரதாபனின் கையில் தொலைபேசி.

அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
எனக்கு வயிற்றைக் காட்டியது.
வாய் திறந்து மூடித் திறந்து மூடி,
உள்ளே ஒன்றுமில்லை.

"பசி" என்றேன். "வேறொன்றுமில்லை."
சுக்கினியை வட்டமாய்ச் சீவி
முள்ளுக்கரண்டியில் குத்தி இறக்கினேன்.

இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாதென்று
படிக்கட்டில் ஒட்டியிருக்கிறது.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.
கர், கர், கர்.
கட்டையைச் சுரண்டுகிறது.
கீழ்வீட்டுக்குக் கேட்குமோ என்று
கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக் கேட்டேன்.
பிறகு கேட்டால் கேட்கட்டுமென்று
திரும்பிப் படுத்தேன்.