கோர்டாவின் ஏழாவது சாவு

முதல் இதழில் அவனுக்குப் பெயரில்லை.
பாதரசப் பிரபுவின் நாற்காலிக்குப் பின்னால்
மை வற்றிய தூரிகை இழுத்துவிட்ட ஒரு கறுப்பு.
ஒன்பதாம் பக்கத்தில் ஓவியர் அவனை வரையவே மறந்துவிட்டார்.
பத்தாம் பக்கத்தில் மறுபடி நின்றான்,
லீவே எடுக்காதவன்போல.

நாலாவது இதழில் பெயர் கிடைத்தது.
பதினொன்றில் இடது கண்ணுக்கு மேல் ஒரு தழும்பு.
இருபதில் அதே தழும்பு வலது கண்ணுக்கு மேல்.
ஏன் என்று போஸ்ட் கார்டு போட்டேன்.
பதில் வரவில்லை.

இப்போது மனாமாவில், சீஃப் பக்கம்,
மால் தியேட்டரில் எனக்கு வாசல் வேலை.
படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது
உள்ளே போய்க் கதவோரம் நிற்க வேண்டும்,
விளக்கு எரிந்ததும் திறந்துவிட வேண்டும்.
அதனால் எந்தப் படமானாலும் எனக்கு
கடைசிப் பத்து நிமிடம்தான் கதை.
கோர்டா சாவது எப்போதும் அதற்குள்.

ஒருமுறை லிஃப்டோடு போனான். யாரோ ஒரு மல்யுத்த வீரர்,
ஒரு வார்த்தை வசனமில்லை.
அடுத்த பாகத்தில் ஹெலிகாப்டர் எடை தாங்காதென்று
பிரபுவே தள்ளிவிட்டார்.
விழுந்துகொண்டே நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான்,
உத்தரவு புரிந்தது என்பதற்கு அவன் சைகை அது.
பின் வரிசையில் சிரித்தார்கள்.

கார்ட்டூனில் சாகவில்லை.
தொப்பை வைத்து, திக்குவாய் வைத்து,
வாரம் ஒருமுறை சாக்கடையில் விழ வைத்தார்கள்.
அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்றேன்.
சேர்த்துக்கொள் என்றான் ஜெய்லானி.

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எடுத்தபோது
கோர்டா ஒரு பெண்.
பிரபு தப்பிக்க, உள்ளிருந்தே
இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.
அன்றைக்கு மட்டும்
என் கதவைத் திறக்கக் கொஞ்சம் தாமதமானது.
சூப்பர்வைசர் எழுதி வைத்துக்கொண்டார்.

பிறகு தொடர் வந்தது. குதைபியா ரூமில்
ஜெய்லானியின் போனில், மேல் கட்டிலில் படுத்தபடி இருவரும்.
முதல் சீசனில் அவன் கழுத்துக்குள் ஒரு சிப்.
இரண்டாவதில் அது பொய்,
அப்பா வாங்கிய கடன், அநாதை விடுதி, மழை, வயலின்.
ஏன் நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்று
எழுதியவர்களுக்குத் தூக்கம் வரவில்லைபோல.
சிப்பைப் பிடுங்கியபோது ஒரு சாவு.
காட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஒரு சாவு.
ஆக ஆறு.

எனக்குக் காரணம் எப்போதோ தெரியும்.
முப்பத்தொன்றாம் இதழ், இருபத்திரண்டாம் பக்கம்.
நகரம் எரிகிறது. பிரபு ஜன்னலோரம்.
திரும்பாமலே கேட்கிறார்:
"சாப்பிட்டாயா, கோர்டா?"

அவ்வளவுதான். இதற்குமேல் சிப் எதற்கு?

போன மாதம் மாலில் காமிக்ஸ் கண்காட்சி.
பிளாஸ்டிக் உறைக்குள் அதே முப்பத்தொன்று, ஆங்கில மூலம்,
முப்பத்தைந்து தினார்.
யூனிஃபார்மைப் பார்த்துக் கடைப்பையன் புரட்ட விட்டான்.
அதே தீ, அதே ஜன்னல், அதே முதுகு.
வட்டத்துக்குள் வேறு ஏதோ.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
கதவைப் பார்த்துக்கொள்.

அது ஏழாவது.

எந்த அச்சகத்து மாடியில்,
எந்த இரண்டு மணி வெயிலில்,
யாருடைய பசியப்பா
என் கோர்டாவின் பலூனுக்குள் புகுந்தது?

நகர்ந்தபோது எதிரே அவனே நின்றான்.
ரப்பர் கவசம், வலது கண்ணுக்கு மேல் தழும்பு,
காலி நாற்காலிக்குப் பின்னால்,
முழங்கால் மாற்றி முழங்கால் பாரம் கொடுத்தபடி.
காலையிலிருந்து நிற்கிறான், பார்த்திருக்கிறேன்.
அரபிப் பையனோ, மலையாளியோ, முகமூடிக்குள் யார் கண்டது.
என்னை அறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்:
"சாப்பிட்டியா?"

பேசவில்லை. கோர்டா பேசமாட்டான்.
ரப்பர் கை மெல்ல உயர்ந்து
ஃபுட் கோர்ட்டைக் காட்டியது.
அங்கே பாதரசப் பிரபு
கிரீடத்தை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு
பர்கர் தின்றுகொண்டிருந்தார்.

வாக்கி டாக்கி கரகரத்தது:
ஒன்பதாம் திரை, பத்து நிமிடம்.